குரிசுமுடி இறங்கி ஊர் திரும்புகிறவர்களுக்கு

கேரளத்தில் மலையாற்றூர் குரிசுமுடி என்கிற தோமையார் மலைக்கு எப்படி ஏறுவது என்று என்னிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. எப்படி இறங்குவது, இறங்கி எப்படி ஆலுவா வந்து சேர்வது என்று முன்கூட்டிக் கேட்ட ஆளை மட்டும் இத்தனை வருஷத்தில் நான் பார்க்கவில்லை. அந்தக் கேள்வி மலை உச்சியில் நிற்கும்போதுதான் எல்லாருக்கும் வருகிறது. சிலருக்குக் கடைசி பஸ் போன பிறகு வருகிறது.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். 1979இல் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்கு மிளகுக் கிட்டங்கியில் கணக்கெழுத வந்தவன், அப்படியே இங்கே தங்கிவிட்டேன். இப்போது ஆலுவாவில் மகன் வீடு. தவக்காலம் பிறந்தால் ஊரிலிருந்து போன் வரும். "சித்தப்பா, நாங்க பத்துப் பேர் வாறோம், குரிசுமுடிக்குக் கூட்டிட்டுப் போவும்." முன்பெல்லாம் கூடவே போவேன். முட்டி இப்போது மறுக்கிறது. அதனால் போனில் சொல்வதை ஒருமுறை எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மக்களே, பொறுமையாகப் படியுங்கள்.

1. மலையைப் பஸ்ஸிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வாருங்கள்.

எல்லாரும் காலையில் எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கலாம் என்றுதான் யோசிக்கிறார்கள். தலைகீழாகப் போடுங்கள் கணக்கை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்களுக்குப் பாலருவி எக்ஸ்பிரஸ் மாலையில் ஆலுவா வழியாகப் போகிறது. அதில் டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள், வண்டி ஆறு மணிவாக்கில் என்று வையுங்கள் (சரியான நேரத்தை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், ரயில்வே நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும்). ஆறு மணி வண்டி என்றால் ஐந்துக்கு ஆலுவாவில் இருக்க வேண்டும். மலையாற்றூரிலிருந்து காலடிக்கு எட்டு கிலோமீட்டர், அங்கிருந்து ஆலுவாவுக்கு இருபதுக்குள். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நடுவில் காலடி ஜங்ஷன் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் அந்த ஜங்ஷனுக்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அப்படியானால் அடிவாரத்தில் இரண்டரைக்கு பஸ் ஏற வேண்டும். இறங்க ஒரு மணி நேரம், கூட்டமென்றால் ஒன்றரை. கஞ்சியோ காப்பியோ குடிக்க அரைமணி. ஆக, பன்னிரண்டரைக்கு உச்சியை விட்டுக் கிளம்பியாக வேண்டும். ஏறுவதற்கும் மேலே கும்பிடுவதற்கும் மூன்று மணி நேரம் வைத்தால், ஒன்பதரைக்காவது சிலுவைப்பாதையின் முதல் ஸ்தலத்தில் நிற்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடாமல் நான் 1981இல் போனேன். இரவு எட்டரைக்கு அடிவாரத்தில் கடைசி பஸ்ஸின் பின்விளக்கைப் பார்த்தேன். நாலு பேர் காலடி வரை நடந்தோம். மலை ஏறியது நேர்ச்சை, அந்த எட்டு கிலோமீட்டர் மடத்தனம்.

2. மதியத்துக்குப் பிறகு வானத்தை நம்பாதீர்கள்.

இந்த மலைத் திருவிழா நாளான புதுஞாயர் என்கிற புதுஞாயிறு, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, பெரும்பாலும் ஏப்ரலில் வரும். கேரளத்தில் மார்ச் முதல் மே வரை கோடை இடிமழைக் காலம். காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டு மணிக்கு மேல் கிழக்கே மலைப்பக்கம் கறுக்கும், நாலு மணிக்கு இடி தலைமேல் விழும். மழை மலையாளிகளுக்குச் சங்கதியே இல்லை. இடி அப்படியில்லை, இந்த மாதங்களில் பிற்பகல் இடிமின்னல் எச்சரிக்கை இங்கே அன்றாடச் செய்தி. குரிசுமுடியின் மேல்பகுதி பாறை. ஈரப்பாறையில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கீழே ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன், நீங்கள் பார்க்க வேண்டாம். முதல் உறுமல் கேட்டால் படமெடுப்பதை நிறுத்திவிட்டு, மொட்டைப் பாறையையும் ஒற்றை மரத்தையும் விட்டு விலகி இறங்குங்கள்.

3. இறங்குவது தொடையின் வேலை.

ஏறும்போது மூச்சு வாங்கும். அது நல்ல முதலாளி மாதிரி, வலிப்பதை அங்கேயே சொல்லிவிடும். இறக்கத்தில் மூச்சு வாங்காது. "ஓ, சும்மா இறங்குறதுதானே" என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு அடியிலும் உடம்பு முழுக்க ஒரு காலில் விழுகிறது. அதைப் பிடித்து நிறுத்துவது முன்தொடைத் தசை. நீண்டுகொண்டே தாங்கும் வேலை அதற்கு. கிணற்றில் வாளியைக் கயிறு நழுவாமல் இறக்குகிற மாதிரி. இழுப்பதைவிட இறக்குவதில்தான் உள்ளங்கை எரியும், இல்லையா? அதேதான்.

குதிகாலை ஊன்றி விறைப்பாக இறங்குகிறவர்களுக்கு முட்டி போகும். முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுக்கப் படியும்படி வையுங்கள். பெரிய கல்லாக இருந்தால் பக்கவாட்டில் திரும்பி, நண்டு மாதிரி. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் முட்டி அவர்களுக்கு.

வெள்ளியங்கிரி போன கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மூங்கில் தடியின் அருமை தெரியும். ஏழு மலை ஏறும்போது அது வெறும் கம்பு, இறங்கும்போது மூன்றாவது கால். இங்கே அந்தப் பழக்கம் குறைவு, மரச் சிலுவையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள்தான் அதிகம். ஐம்பது வயது தாண்டியவர்கள் வெட்கப்படாமல் ஒரு தடி கொண்டுவாருங்கள். ஒருமுறை இலங்கையில் சிவனொளிபாதமலை இறங்கினேன். ஐயாயிரத்துக்கும் மேல் படி. நல்லதண்ணியில் ஹட்டன் பஸ்ஸின் படியில் கால் வைத்தபோது இரண்டு முட்டியும் தையல் மிஷின் மாதிரி ஆடியது. அங்கேயும் உச்சியில் ஒரு பாதச்சுவடு, இங்கேயும் உச்சியில் ஒரு பாதச்சுவடு. அங்கே சிவன், புத்தர், ஆதம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், போர்ச்சுகீசியர்களில் சிலர் தோமையார் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இங்கே தோமையார் ஒருவர்தான். கி.பி. 52இல் கொடுங்கல்லூரில் இறங்கியவர் இந்த மலையில் வந்து ஜெபித்தார் என்பது விசுவாசம்.

4. நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள்.

சின்ன விஷயம். ஷூ போட்டு இறங்கினால் விரல் முன்னால் போய் இடிக்கும், நீண்ட நகம் கறுத்துவிடும். வெறுங்காலோடு போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் பதினோரு மணிக்கு மேல் பாறை சுடும். வெறுங்கால் நேர்ச்சை இருந்தால் விடிவதற்கு முன் ஏறிவிடுங்கள். தவக்காலத்தில் இரவெல்லாம் ஆள் ஏறிக்கொண்டேதான் இருப்பார்கள், தனியாகி விடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

5. பாட்டிலில் பாதித் தண்ணீரை உச்சியிலிருந்து கீழே கொண்டுபோங்கள்.

மேலே போனதும் மடமடவென்று முழுவதையும் குடித்துவிட்டு "கீழே போய் வாங்கிக்கலாம்" என்பார்கள். இறக்கத்தில் தாகம் தெரியாது, வியர்வை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். மீதி வைத்த அந்த அரை பாட்டிலில் ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான் வைத்தியம். அடிவாரத்துக் கடையில் சம்பாரம் கேளுங்கள், இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்ட மோர், கலர் சோடாவைவிட ஆயிரம் மடங்கு மேல்.

6. ஏறி வருகிறவருக்கு வழிவிடுங்கள்.

பதினான்கு ஸ்தலம் இருக்கிறது வழியில். ஏறும்போது ஒவ்வொன்றிலும் நின்று ஜெபித்தீர்கள். இறங்கும்போது அது உங்களுக்கு வெறும் கிலோமீட்டர் கல். ஆனால் எதிரே வருகிற பிள்ளைக்கு அது இன்னும் ஸ்தலம்தான், தோளில் நாலு பேர் தூக்கும் மரச் சிலுவை இருக்கிறது, "முத்தப்போ" என்று கூவும் குரல் அடைத்துப் போயிருக்கிறது. சிலுவை தூக்கி வருகிறவர்களுக்குக் கீழே பாதம் தெரியாது. மலைச்சரிவின் உட்புறமாக ஒதுங்கி நில்லுங்கள், விளிம்புப் பக்கம் நிற்காதீர்கள். இடித்தால் விழுகிறவர் நீங்கள்தான்.

இறங்குவதில் ஒரு மரியாதை உண்டு என்பதை இந்த மலையே சொல்லிக்கொடுக்கிறது. திருவிழாவில் பொன்பணம் இறக்குவது என்று ஒரு சடங்கு. வருஷம் முழுக்க மலையில் விழுந்த காணிக்கையை விசுவாசிகள் தலைச்சுமையாகச் சுமந்து கீழே பெரியாற்றங்கரைத் தேவாலயத்துக்குக் கொண்டுவருவார்கள். ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். தலையில் கிழியோடு இறங்குகிறவர் யாரும் ஓடுவதில்லை, பேச்சும் இல்லை. கண் காலடியிலேயே இருக்கும். பாரம் தலையில் இருக்கும்போது மனிதன் எவ்வளவு அழகாக இறங்குகிறான் என்று அன்றைக்குத் தெரிந்தது. வெறுங்கையோடு இறங்குகிற நாம்தான் செல்போனைப் பார்த்துக்கொண்டு உருளுகிறோம்.

7. குறுக்கு வழி கிடையாது.

சுற்றிலும் மலையாற்றூர் வனப் பிரிவு. ஆனை நடமாடும் இடம். வழி வளைகிறது, நேரே இறங்கினால் சீக்கிரம் என்று இளவட்டங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும், இறங்க வேண்டாம்.

8. ஆற்றில் இறங்காதீர்கள்.

இந்த ஒன்றை மட்டும் படித்துவிட்டு மற்றதைக் கிழித்துப் போட்டாலும் எனக்குச் சம்மதம்.

மலையிறங்கி வந்த உடம்பு அடுப்பிலிருந்து எடுத்த இரும்பு மாதிரி கிடக்கும். அடிவாரத்திலிருந்து சற்றுத் தள்ளிப் பெரியாறு. அகலமாக, பச்சையாக, அசையாத மாதிரி ஓடும். தாமிரபரணியில் குளித்தவனுக்கும் குழித்துறை ஆற்றில் குளித்தவனுக்கும் அதைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றத் தோன்றும். மலையிறங்கி வந்து பெரியாற்றில் மூழ்கிப் போனவர்களின் செய்தியைத் தவக்காலங்களில் பத்திரிகையில் பலமுறை படித்திருக்கிறேன். அதில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகளும் உண்டு.

ஏன் இப்படி என்றால், மணல் அள்ளி அள்ளி ஆற்றுப்படுகை சமமாக இல்லை. முழங்கால் அளவில் நடந்துகொண்டே போவீர்கள், அடுத்த அடி இரண்டாள் ஆழம். இங்கே அதைக் கயம் என்பார்கள். நம் பழந்தமிழிலும் கயம்தான், நாம் மறந்துவிட்டோம், அவர்கள் இன்னும் அந்தச் சொல்லை வைத்துப் பயப்படுகிறார்கள். மேலே பூதத்தான்கெட்டில் தடுப்பணை இருக்கிறது. நீர்மட்டம் நேற்று இருந்த மாதிரி இன்றைக்கு இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் தொடை செத்துப் போயிருக்கிறது. கரையில் நீச்சல் தெரிந்த கால்கள்தான் அவை. மூன்று மணி நேரம் கல்லில் ஏறி இறங்கிய பிறகு தண்ணீருக்குள் உதைக்கச் சொன்னால் இழுத்துக்கொள்ளும்.

என்னோடு வந்த ஒரு பையன், பத்தொன்பது வயது, பெயர் வேண்டாம். "தாத்தா, கால் மட்டும் நனைச்சிட்டு வாறேன்" என்றான். நான் செருப்பு வாரை மாட்டக் குனிந்தேன். நிமிர்ந்தபோது தலைமுடி மட்டும் தெரிந்தது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு சேச்சி தன் சேலையைத் தண்ணீரில் வீசினார். அவன் அதைப் பிடித்தான். எல்லாம் ஒரு நிமிஷம்தான். அதன் பிறகு பஸ் வரும் வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் திட்டவில்லை. ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே அந்த அம்மாள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "தமிழ்நாட்டில் ஆறில்லையா?"

குழாயில் முகம் கழுவுங்கள். அது போதும்.

9. பத்துப் பேராகப் போனால் ஒரு இடத்தைச் சொல்லிவைத்துக்கொண்டு போங்கள்.

"கீழே பார்ப்போம்" என்பது இடமல்ல. புதுஞாயரன்று கீழே என்பது ஒரு சமுத்திரம். அடிவாரத்தில் மணப்பாட்டுச்சிறை என்று பெரிய ஏரி இருக்கிறது, அதன் கரையில் இன்ன மூலை என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் போன் கிடைக்காமல் போகும். பிள்ளைகளின் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டில் போன் நம்பர். பெண்கள் கூட வந்தால், மலையேறுவதற்கு முன்னாலேயே கழிப்பறை எங்கே என்று பார்த்து வைத்துவிடுங்கள், இதை ஆண்கள் யோசிப்பதே இல்லை.

10. பஸ்ஸின் பாஷையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

போர்டு மலையாளத்தில் இருக்கும், பயப்பட வேண்டாம். மலையாள அகரமும் ஆகாரமும் நம் அ, ஆ மாதிரியே சுழிக்கும், வால்தான் வித்தியாசம். அ என்று தொடங்கினால் அங்கமாலி, ஆ என்று தொடங்கினால் ஆலுவா. நம்மூர்க்காரர்கள் பலரை இந்த இரண்டெழுத்தை வைத்தே நான் பஸ் ஏற்றியிருக்கிறேன். காலடிக்கு மட்டும் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

2018இல் தனியார் பஸ்களுக்கு நிறம் வகுத்தார்கள்: நகரத்துக்குள் ஓடுவது பச்சை, வெளியூர் ஆர்டினரி நீலம், லிமிடெட் ஸ்டாப் மெரூன். சர்க்கார் பஸ்ஸுக்கு இங்கே செல்லப் பெயர் ஆனவண்டி, முத்திரையில் இரண்டு ஆனை இருப்பதால். குறைந்த கட்டணம் 2022 மே முதல் பத்து ரூபாய். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டாதீர்கள். சில்லறை என்ற சொல் இரண்டு பாஷைக்கும் பொது, கண்டக்டரின் கோபமும் பொது.

பெண்கள் முன்வாசல், ஆண்கள் பின்வாசல். நம்மூரில் விசில் என்றால் இங்கே மணி. கயிற்றை ஒருமுறை இழுத்தால் நிற்கும், இரண்டுமுறை இழுத்தால் கிளம்பும். அந்த இரண்டாவது மணி நீங்கள் இறங்கி முடிப்பதற்குள் அடித்துவிடும் என்பதுதான் சிக்கல். கதவைத் திறந்து மூடும் பையனைக் கிளி என்பார்கள். கிளி அவசரப்படுவான். இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே எழுந்து கம்பியைப் பிடித்து நின்று, "ஆளிறங்ஙானுண்டு" என்று உரக்கச் சொல்லுங்கள். ஆள் இறங்க இருக்கிறது என்று பொருள். உச்சரிப்பு தப்பினாலும் பரவாயில்லை, சத்தம் தப்பக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், மலையில் கால் பிசகாமல் வந்த என் மைத்துனர் பஸ் படியில் விழுந்தார். மலைக்கல் எட்டங்குலம் என்றால் பஸ்ஸின் கடைசிப் படிக்கும் தரைக்கும் ஒன்றரை அடி. அரைமணி நேரம் மடங்கி உட்கார்ந்து விறைத்துப் போன தொடையை வைத்துக்கொண்டு அந்த ஒன்றரை அடியை இறங்க வேண்டும், பின்னால் கிளி விரட்டுவான். கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். சக்கரத்துக்கு மேலுள்ள சீட்டில் உட்காராதீர்கள், அங்கே காலை நீட்ட முடியாது.

11. காலடியிலிருந்து ஆலுவாவுக்கு இரண்டு வழி.

அங்கமாலி போய்த் தேசிய நெடுஞ்சாலையில் வருவது ஒன்று. பஸ் அதிகம். காஞ்ஞூர், ஸ்ரீமூலநகரம், சொவ்வரை வழியாக ஆற்றை ஒட்டி வருவது இன்னொன்று. உங்களுக்கு நேரமிருந்தால் இரண்டாவதில் வாருங்கள். ஜாதிக்காய்த் தோட்டமும் வாய்க்காலும் பழைய ஓட்டுவீடுமாக ஜன்னலில் ஓடும்.

காலடியில் பஸ் நின்றுவிட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். ஆதிசங்கரர் பிறந்த ஊர் அது. முதலை காலைப் பிடித்ததும் தாயாரிடம் சந்நியாசத்துக்கு அனுமதி வாங்கினார் என்று சொல்கிற கடவு அங்கேதான். தோமையார் மலையும் சங்கரர் கடவும் ஒரே பஸ் ரூட்டில், பத்து கிலோமீட்டருக்குள். அரிசி ஆலைகளின் புழுங்கல் நெல் வாசனை சில நேரம் பஸ்ஸுக்குள் வரும். எனக்கு அந்த வாசனை வந்தால்தான் மலை முடிந்ததென்று தோன்றும்.

ரயிலேறுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கமாலி ஸ்டேஷன் பெயரே "காலடிக்கான அங்கமாலி" என்றுதான் இருக்கும். அதை நம்பி அங்கே போய் உட்காராதீர்கள், தெற்கே போகும் நீண்டதூர வண்டி பலவும் அங்கே நிற்காது. ஆலுவாவுக்கே வாருங்கள்.

12. வில் வளைந்த பாலம் தெரிந்தால் எழுந்து நில்லுங்கள்.

வடக்கேயிருந்து வருகிறபோது முதலில் மங்கலப்புழைப் பாலம். அது இல்லை. இரண்டாவதாக வில் மாதிரி வளைந்து நிற்பது மார்த்தாண்டவர்மா பாலம், 1940இல் திறந்தது. அதைத் தாண்டியதும் ஆலுவா பைபாஸ், அங்கேயே மெட்ரோ ஸ்டேஷன். ரயில் பிடிக்கிறவர்கள் இன்னும் உள்ளே போக வேண்டும், கே.எஸ்.ஆர்.டி.சி. ஸ்டாண்டும் ரயில் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில்.

பாலத்துக்குத் திருவிதாங்கூர் ராஜ குடும்பத்துப் பெயர் ஏன் என்று என் பேரன் கேட்டான். இந்த ஆலுவாவும் மலையாற்றூரும் திருவிதாங்கூர், மட்டாஞ்சேரி கொச்சி ராஜ்ஜியம். என் அப்பாவின் காலத்தில் கல்குளமும் விளவங்கோடும் ஆலுவாவும் ஒரே ராஜாவின் கீழ். 1956 நவம்பர் 1இல் நாங்கள் அந்தப் பக்கம், இவர்கள் இந்தப் பக்கம். அதனால் நாகர்கோவில்காரன் ஆலுவாவில் இறங்கும்போது வெளிநாடு வந்த மாதிரி முழிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ரயிலுக்கு நேரம் மிச்சமிருந்தால் ஆற்றங்கரையில் நாராயண குருவின் அத்வைத ஆசிரமம் இருக்கிறது. 1924இல் சர்வமத சம்மேளனம் கூடிய இடம். மலையிறங்கிய காலோடு உட்கார அதைவிட அமைதியான மண்டபம் ஊருக்குள் வேறில்லை. அங்கேயும் ஆற்றில் இறங்க வேண்டாம். எட்டாவதை மறக்காதீர்கள்.

13. கொச்சிக்குப் போகிறவர்கள் மெட்ரோவில் போங்கள்.

இதில் எனக்கு ஒரு பட்சபாதம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 2017 ஜூனில் மெட்ரோ ஓடத் தொடங்கும் வரை, மலையிறங்கிய அன்று ஆலுவாவிலிருந்து எர்ணாகுளம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போன வருஷங்கள் எத்தனையோ. இடப்பள்ளி சிக்னலில் கால் மாற்றி மாற்றி நின்றவனுக்குத்தான் தெரியும். ஆலுவாதான் முதல் ஸ்டேஷன், ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். இரவு பத்துக்கு மேல் மட்டும் அதை நம்பி வராதீர்கள். ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது. வயசுப் பிள்ளைகள் "நாங்க எதுக்கு லிஃப்ட்ல" என்று படியேறுவார்கள். ஏறட்டும். இறங்கும் ஸ்டேஷனில் அவர்களே லிஃப்டைத் தேடுவார்கள்.

14. மறுநாளைக்கு லீவு எடுத்துவையுங்கள்.

வலி அன்றைக்கு வராது. மறுநாள், அதற்கும் மறுநாள்தான் உச்சத்துக்குப் போகும். இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கிற பையன்கள் ஞாயிறு மலையேறிவிட்டுத் திங்கள் காலையில் ஆபீஸ் போய், செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் செய்வார்கள். "தாத்தா, கட்டிலை விட்டு இறங்க முடியலை." படுத்தே கிடக்காதீர்கள், சமதரையில் மெல்ல நடங்கள். வெந்நீர் ஊற்றுங்கள். ஒரு வாரமாகியும் முட்டி வீங்கியிருந்தால் டாக்டரிடம் போங்கள், எண்ணெய் வைத்தியரிடம் வேண்டாம்.

15. மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு மட்டும்.

எம்.ஜி. ரோட்டில் மெட்ரோவை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து ஹைக்கோர்ட் ஜெட்டிக்குப் போங்கள். 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வாட்டர் மெட்ரோ வந்துவிட்டது, டச்சு அரண்மனைக்குப் பக்கத்திலேயே ஜெட்டி. அந்தக் காலத்துப் படகில் ஏற வேண்டுமென்றால், அலையில் ஆடும் பலகைக்கும் கற்படிக்கும் நடுவில் ஒரு தாவு தாவ வேண்டும். கிட்டங்கிச் சாக்கோடு தாவியவன் நான். போன வருஷக் கடைசியில் மகனோடு அந்தப் புதுப் படகில் போனேன். ஜெட்டி தண்ணீரிலேயே மிதக்கிறது. தண்ணீர் ஏறும் வேலியேற்றத்தில் படகு எவ்வளவு உயருமோ அவ்வளவு ஜெட்டியும் உயரும், வேலியிறக்கத்தில் சேர்ந்தே தாழும். மட்டாஞ்சேரியில் கதவு திறந்தபோது வழக்கம்போல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே துழாவினேன். துழாவிய கால் நேரே தரையில் பட்டது. படியே இல்லை.